கயிறு அறுந்தால் கிணற்றைத் தூர்ப்பதா?

துலாவிலே கட்டிய கயிறு இடைநடுவில் அறுந்துபோனால் வலிகாமத்து விவசாயி என்ன செய்தான்? புதுக் கயிறு முறுக்கினான். அறுந்த இடத்தை ஆராய்ந்தான். பாரம் தாங்காத முடிச்சு எது என்று கண்டு அதனைத் திருத்தினான். கயிறு அறுந்துவிட்டதே என்ற கோபத்தில் கிணற்றையே மண்போட்டுத் தூர்த்தவனை நம் முன்னோர் கண்டதில்லை. ஆனால் இலங்கைத் தீவின் அரசியலிலே, குண்டு ஒன்று வெடித்தவுடன் பேச்சுவார்த்தை என்னும் கிணற்றைத் தூர்ப்பதே வழக்கமாகிவிட்டது. அதனைத் தோண்டித் தருவதற்கு வெளிநாட்டார் மண்வெட்டியோடு வருவதும், சிறிது தோண்டியபின் அவர்களும் களைத்துத் திரும்புவதும் அந்த வழக்கத்தின் மற்றப் பாதி.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. இனி இந்தப் பழங்கதை எதற்கு என்று சிலர் வினவலாம். யுத்தம் முடிந்தது உண்மை. யுத்தத்துக்குக் காரணமான பிரச்சினை முடிந்ததென்று நேர்மையுள்ள எவரும் சொல்லார். பிரச்சினை இருக்கும்வரை பேச்சு வேண்டும். பேச்சு வேண்டுமாயின், முன்னைய பேச்சுக்கள் எங்கே அறுந்தன என்று ஆராய்வதும் வேண்டும். சண்டிலிப்பாயிலே தோட்டம் செய்து வாழ்பவருக்கும், யாழ்ப்பாண நகரிலே வழக்குப் பேசி, வைத்தியம் பார்த்து, பாடஞ் சொல்லி வாழ்பவருக்கும் அந்த ஆராய்ச்சி வயிற்றோடு தொடர்புடையது. ஏனெனில் பேச்சு அறுந்த ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர் இவர்களே.

திம்பு கற்பித்த முதற் பாடம்

1957 யூலையிலே பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1958 ஏப்ரலிலே கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச்சிலே டட்லி – செல்வநாயகம் உடன்பாடு ஏற்பட்டது, அதுவும் நிறைவேறவில்லை. அவ்விரண்டு காலத்திலும் தமிழரிடம் துப்பாக்கி இருக்கவில்லை, மத்தியஸ்தரும் இருக்கவில்லை. சாத்வீகமாகக் கேட்டவனுக்குக் கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றவில்லை என்ற கசப்பே பிற்காலத்துத் தீயின் முதற் பொறி. வரலாற்றைப் பயங்கரவாதத்திலிருந்து மட்டும் தொடங்கி எழுத விரும்புவோர் இந்த இரு ஆண்டுகளையும் மறத்தலாகாது.

அந்நிய அரசொன்று மேசை போட்டுக்கொடுத்த முதற் சந்தர்ப்பம் 1985 ஆம் ஆண்டின் திம்பு மாநாடு. அவ்வாண்டு மே 14 ஆந் திகதி அநுராதபுரத்திலே நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமை நிகழ்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் இந்திய அரசின் முயற்சியினால் யூன் 18 இல் போர்நிறுத்தம் வந்தது. யூலையில் பூட்டான் நாட்டுத் தலைநகரிலே இரு தரப்பாரும் அமர்ந்தனர். ஆனால் ஆகஸ்டில் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருக்கையில் வவுனியாவிலே தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர், தமிழ்ப் பிரதிநிதிகள் எழுந்து வெளியேறினர், மாநாடு முடிந்தது. எழுந்தவர்களின் துயரம் நியாயமானது. எனினும் அன்றைக்கே ஒரு விதி எழுதப்பட்டுவிட்டது: மேசையைக் கவிழ்க்க விரும்புபவன் மேசைக்கு அருகே வரவேண்டியதில்லை, தூரத்திலே சில அப்பாவிகளைக் கொன்றாற் போதும். அவ்விதியைப் பின்னர் இரு தரப்பிலும் நன்கு கற்றுக்கொண்டனர்.

ஆறு சுற்றும் ஒரு முறிவும்

2002 பெப்ரவரி 22 இல் நோர்வேயின் அனுசரணையுடன் பிரதமர் ரணில் விக்கிரமசிங்காவும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. குடாநாட்டு வெங்காயம் மீண்டும் லொறியேறித் தெற்கே போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் காணாத உறவினர் மீண்டும் வாசலுக்கு வந்தனர். 2002 செப்டெம்பர் முதல் 2003 மார்ச் வரை தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், யப்பான் எனப் பல இடங்களில் ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. 2002 டிசம்பரிலே ஒஸ்லோவில், தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்களிலே உள்ளகச் சுயநிர்ணய அடிப்படையில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பை ஆராய்வதென இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. தந்தை செல்வா 1949 இல் ஏந்திய கொடியைப் படை பலங் கொண்ட இரு சாராரும் அரை நூற்றாண்டு கழிந்து திரும்பிப் பார்த்த நாள் அது.

ஆனால் அந்த நாள் நீடிக்கவில்லை. 2003 ஏப்ரலில் வாஷிங்டனிலே நடந்த உதவி வழங்குவோர் கூட்டத்துக்குப் புலிகள் அழைக்கப்படவில்லை. அமெரிக்கச் சட்டம் அவர்களைத் தடைசெய்திருந்தது. உயர் பாதுகாப்பு வலயங்களிலிருந்து மக்கள் தம் காணிக்குத் திரும்பவில்லை என்பதும் அவர்களது முறைப்பாடு. ஏப்ரல் 21 இல் பேச்சை இடைநிறுத்தினர். யூனில் டோக்கியோவில் கூடிய உலக நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. சமாதானம் முன்னேறினாலே பணம் என்று நிபந்தனையும் இட்டன. பணத்தைக் காட்டி மேசைக்கு அழைக்கலாம் என்பது அவர்களது கணக்கு. அக்கணக்குப் பிழைத்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் இடைக்கால நிர்வாகத்துக்கான யோசனையைப் புலிகள் முன்வைத்தனர். நான்கு நாட்களில் சனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுக்களைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். யாருடன் பேசுவது என்று தெரியாமல் நோர்வேயினர் பெட்டியைக் கட்டினர்.

மேசை தேடி அலைந்த மாதங்கள்

2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று அலை பார்க்கவில்லை. மீள்கட்டுமானப் பணத்தைப் பங்கிடுவதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 யூன் 24 இல் ஒப்பமாயிற்று; யூலையில் உயர்நீதிமன்றத் தடையினால் முடங்கிற்று. ஆகஸ்ட் 12 இல் வெளிநாட்டமைச்சர் இலட்சுமன் கதிர்காமர் தம் இல்லத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். புலிகள் மறுத்தனர், உலகம் நம்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அவர்களது தூதுக்குழுக்களுக்கு வாசலை அடைத்தது. நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது மட்டக்களப்புத் தேவாலயத்திலே பாராளுமன்ற உறுப்பினர் யோசேப்பு பரராசசிங்கம் கொல்லப்பட்டார். அதே டிசம்பரிலே குடாநாட்டில் கண்ணிவெடிகளுக்குப் படையினர் பலியாயினர். 2006 சனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையிலே ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர்.

இவ்வளவு குருதியின் நடுவிலேதான் எரிக் சொல்ஹெய்ம் 2006 சனவரியிலே கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, எந்த நகரிற் பேசுவது என்ற பிணக்கைத் தீர்த்து, பெப்ரவரி 22, 23 ஆந் திகதிகளில் இரு தரப்பையும் ஜெனீவாவில் அமர்த்தினார். அது பெரும் முயற்சி. அதனைச் சிறுமைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் ஏப்ரலில் நடக்கவிருந்த அடுத்த சுற்று நடக்கவில்லை. ஏப்ரல் 12 இல் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்தது. அதனைத் தொடர்ந்து தமிழர் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 25 இல் கொழும்பிலே இராணுவத் தலைமையகத்துக்குள் தற்கொலைக் குண்டு வெடித்தது. இராணுவத் தளபதி படுகாயமுற்றார். அன்றே சம்பூர்ப் பகுதியிலே விமானங்கள் குண்டு பொழிந்தன. மே மாதத்தில் அல்லைப்பிட்டியிலே பால்குடிக் குழந்தையும் உட்படக் குடும்பங்கள் அழிக்கப்பட்டன. மே இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. யூன் 8 இல் ஒஸ்லோவுக்கு இரு தரப்பாரும் போய்ச் சேர்ந்தனர். ஆனால் புலிகளின் குழு அரசுக் குழுவைச் சந்திக்க மறுத்தது. ஒரே நகரில் இருந்தும் ஒரே மேசையில் அமரவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. யூன் 15 காலை, கெப்பிட்டிக்கொல்லாவையிலே ஒரு பேருந்து கண்ணிவெடியிற் சிதறியது. குழந்தைகள் உட்பட அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டிற்று, அவர்கள் மறுத்தனர், அன்றே வடக்கிலும் கிழக்கிலும் விமானத் தாக்குதல் நடந்தது. அந்தப் பேருந்தில் இருந்தவர் யாவர்? எல்லைப்புறத்துச் சிங்களக் கிராமத்தவர். வயலை நம்பி வாழ்ந்த ஏழைகள். நம்மைப்போலவே வானத்தைப் பார்த்து விதைத்தவர்கள். அவர்களைக் கொன்றது எவராயினும் அது தமிழனின் உரிமைக்குச் செய்த தொண்டாகாது. அல்லைப்பிட்டிக்காகக் கண்ணீர் விடும் கண், கெப்பிட்டிக்கொல்லாவைக்காகவும் நனையாவிட்டால், அந்தக் கண்ணீரை உலகம் மதிப்பதெங்ஙனம்?

பூட்டப்பட்ட பாதை

2006 ஆகஸ்ட் 11 இல் முகமாலையிலே சமர் மூண்டது. ஏ-9 பாதை மூடப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே இரவிலே தீவுக்குள் தீவாயினர். திருகோணமலையிலிருந்து வரும் கப்பலை எதிர்பார்த்துச் சீனியும் மாவும் காத்திருந்தன. சங்கக்கடை வாசலிலே விடியுமுன் வரிசை நின்றது. கொழும்பிலே கேட்பாரற்றுக் கிடந்த பொருள் இங்கே பல மடங்கு விலைக்கு ஏறிற்று. இங்கே விளைந்த வெங்காயமும் புகையிலையும் போக வழியின்றி முற்றத்திலே கிடந்து விலையிழந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் நீர் இறைக்கும் இயந்திரம் ஓடவில்லை; யூரியாவுக்குக் கட்டுப்பாடு. சண்டிலிப்பாய், சங்கானை, அளவெட்டித் தோட்டங்களிலே கன்று வாடியதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் யுத்தத்தைத் தொடங்கியவரும் அல்லர், நிறுத்தக்கூடியவரும் அல்லர். நோயாளியைக் கொழும்புக்கு அனுப்பப் பாதுகாப்பு அனுமதி வேண்டும்; நேர்முகப் பரீட்சைக்குப் போகவும் அனுமதி வேண்டும்; அனுமதி கிடைத்தால் கப்பலில் இடம் வேண்டும்.

ஒக்டோபர் 16 இல் ஹபரணைக்கு அருகே திகம்பத்தானையில் வெடிமருந்து லொறி மோதி நூறளவான கடற்படையினர் மாண்டனர். அதன் பின்னரும் உலக நாடுகளின் வற்புறுத்தலால் ஒக்டோபர் 28, 29 இல் இரு தரப்பும் மீண்டும் ஜெனீவாவிற் கூடின. அங்கே பேசப்பட்ட முதல் விடயமும் கடைசி விடயமும் நமது பாதையே. பாதையைத் திறவுங்கள் என்றனர் புலிகள். திறக்க மாட்டோம், கப்பலில் உணவு அனுப்புகிறோம் என்றது அரசு. அடுத்த சந்திப்புக்குத் திகதியும் குறிக்காமற் கலைந்தனர். 2008 சனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து முறையாக விலகிற்று. பின் நிகழ்ந்தவற்றை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. முள்ளிவாய்க்கால் என்ற ஒரு சொல்லே போதும்.

பிழை எங்கே?

முதற் பிழை, கண்காணித்தவர்க்குத் தீர்க்கும் அதிகாரம் இல்லாமை. நோர்டிக் நாட்டுக் கண்காணிப்புக் குழுவினர் மீறல்களை எண்ணினர், எழுதினர், அறிவித்தனர். தவறு செய்தவனை நிறுத்த அவர்களால் முடியவில்லை. ஐரோப்பியத் தடை வந்ததும் சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டாரை வெளியேறும்படி புலிகள் கூறவே, அந்த எழுதும் கையும் பாதிக்குமேல் குறைந்தது.

இதே கடல்கோளால் அழிந்த ஆச்சே மாகாணத்தை நோக்குக. அங்கும் முன்னைய போர்நிறுத்தம் 2003 மேயில் குலைந்திருந்தது. 2005 ஆகஸ்ட் 15 இல் பின்லாந்தின் முன்னாட் சனாதிபதி மார்ட்டி அத்திசாரியின் மத்தியஸ்தத்தினால் ஹெல்சிங்கியில் உடன்பாடு ஏற்பட்டது. அங்கே கண்காணிப்புக்கு ஐரோப்பிய நாடுகளும் தென்கிழக்காசிய நாடுகளும் சேர்ந்து வந்தன. பிணக்கு எழுந்தால் கண்காணிப்புத் தலைவரின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருந்தனர். அவ்வாண்டு முடியுமுன் ஆயுதம் ஒப்படைக்கப்பட்டது, படைகளும் விலகின. அதே அலை, அதே ஆண்டு. அங்கே உடன்பாடு, இங்கே தடையுத்தரவு!

இரண்டாம் பிழை, மக்களின் சோற்றைப் பேரம் பேசும் பொருளாக்கியமை. பாதை, மருந்து, உரம், காணி என்பன பேச்சின் பரிசாக வைக்கப்பட்டன. அவை பேச்சுக்கு முன்னரே, பேச்சு முறிந்தாலும் முறியாமல் நிற்கும்படி, தனி உடன்பாடாக இருந்திருக்கவேண்டும்.

மூன்றாம் பிழை, மேசையில் இருவர் மட்டும் இருந்தமை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்குத் தனி ஆசனம் இல்லை. மாற்றுக் கருத்துடைய தமிழருக்கு ஆசனம் இல்லை; அவர்களிற் பலருக்கு உயிரே இல்லை. தெற்கிலே சனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே ஒற்றுமை இல்லை. சிங்களக் கிராமத்தவனிடம் சமஷ்டி என்றால் பிரிவினை அன்று என்று எடுத்துச் சொல்ல ஒரு கட்சியும் முன்வரவில்லை. நோர்வே அரசின் உதவி முகாமை செய்வித்து 2011 இல் வெளிவந்த மதிப்பீடு, சமாதானத்தின் பகடைக்காய்கள் என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது. தம் தூதர்களின் தோல்வியைத் தாமே ஆராய்ந்து வெளியிட்ட அந்தத் துணிவு இரு தரப்பிலும் எவருக்கு வந்தது?

வட அயர்லாந்தின் அனுபவம் வேறு. 1996 பெப்ரவரியிலே இலண்டனில் குண்டு வெடித்துப் போர்நிறுத்தம் முறிந்தது; ஆயினும் அவ்வாண்டு யூனில், அமெரிக்கர் ஜோர்ஜ் மிச்செலின் தலைமையிலே பேச்சுத் தொடங்கிற்று. வன்முறையைத் துறந்தோரே அமரலாம் என்பது அங்கே விதி. 1998 இன் தொடக்கத்தில் கொலைகள் நிகழ்ந்தபோது, ஒருமுறை பிரித்தானிய விசுவாசிகளின் கட்சி ஒன்றும், மறுமுறை சின் பெயினும் சில வாரங்களுக்கு வெளியே அனுப்பப்பட்டன. கதிரையை எடுத்தனர், மேசையைக் கவிழ்க்கவில்லை. ஏப்ரல் 10 இல் உடன்பாடு வந்தது. மே மாதத்தில் மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அதனைத் தமதாக்கினர். ஆகஸ்டிலே ஓமா நகரிற் குண்டு வெடித்து இருபத்தொன்பது பேர் மாண்டபோது, சின் பெயின் தலைவரே அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். குண்டு வைத்தவர்களுக்கு உடன்பாட்டைக் குலைக்க முடியவில்லை. மக்கள் கையெழுத்திட்டதை ஒரு கும்பல் எப்படிக் கிழிக்கும்?

நம்மவர் பொறுப்பு

அரசின் குற்றங்களை எழுத இந்தப் பக்கங்கள் என்றும் தயங்கியதில்லை. ஆனால் நம்மையும் நாம் கேட்டாகவேண்டும். 2005 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலே நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. விரும்பி ஒதுங்கியோர் சிலர். அஞ்சி ஒதுங்கியோர் பலர். கதிர்காமரைக் கொன்றபோது, அவர் கருத்து நமக்கு உடன்பாடில்லையாயினும், கொலை பிழை என்று உரத்துச் சொன்னவர் எத்தனை பேர்? கற்றவர் மௌனமாயினர், அந்த மௌனத்தை உலகம் சம்மதமென்று எழுதிக்கொண்டது. தடையுத்தரவு போட்ட நாடுகளைக் குறைகூறுமுன், அத்தடைக்கு வேண்டிய காரணத்தை அவர்கள் கையிற் கொடுத்தவர் யார் என்றும் எண்ணுவோம். அச்சத்திலே வாழ்ந்தோம் என்பது உண்மையான விளக்கம். அது அன்றைக்கு விளக்கமாகலாம். இன்றைக்கும் சாக்காதல் கூடாது.

இனிச் செய்யவேண்டியது

யுத்தத்தின் பின்னரும் கயிறு அறுந்ததுண்டு. 2015 இல் ஆட்சி மாறியபின் புதிய அரசியலமைப்பு முயற்சி தொடங்கிற்று. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்தது. 2018 இன் அரசியற் குழப்பத்தால் தளர்ந்த அம்முயற்சி, 2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின் பேச்சற்றுப் போயிற்று. அந்தக் குண்டுகளுக்கும் தமிழர் கேட்ட அதிகாரப் பகிர்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பாதுகாப்பு என்ற ஒரே சொல் மற்றெல்லாச் சொற்களையும் விழுங்கிற்று. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபை ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. ஜெனீவாவிலே மனித உரிமைப் பேரவை தீர்மானத்தின்மேல் தீர்மானம் நிறைவேற்றிற்று. தீர்மானம் பொறுப்புக் கூறலை வற்புறுத்தும், அதிகாரப் பகிர்வை நினைவூட்டும். பேச்சு மேசையின் இடத்தை அது நிரப்பாது.

ஆதலின் நாம் கேட்பவை இவை. பேச்சு மீண்டும் தொடங்குங்கால், வன்முறை நிகழ்ந்தாலும் பேச்சு நிற்காது, குற்றஞ் செய்தவரே நிற்பர் என்னும் விதி முதலிலே எழுதப்படல் வேண்டும். பாதை, காணி, கடற்றொழில், வேளாண்மை ஆகியவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை என்று இரு தரப்பும் ஒப்பமிடல் வேண்டும். முஸ்லிம் மக்களும் மலையக மக்களும் தமக்கான ஆசனத்தில் தாமே அமர்தல் வேண்டும். உடன்பட்டவற்றை உடனுக்குடன் சட்டமாக்கிச் சிங்கள மக்கள் முன்னும் வைத்தல் வேண்டும். இரகசிய அறையில் ஆறு சுற்றுப் பேசி, ஊர் அறியாமல் முறிந்த வரலாறு போதும். சாட்சியாக வரும் நாடுகள் எண்ணி எழுதுவதோடு நில்லாது, பிணக்கைத் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்று வருதல் வேண்டும். இந்தியாவின் பங்கு இதில் தலையாயது. 1987 உடன்படிக்கையிலே கையொப்பமிட்ட கடமை அதற்கு உண்டு.

உலக நாடுகளுக்கும் ஒரு வார்த்தை. குண்டு வெடித்தபின் விமானம் ஏறி ஓடிவருவதை வழக்கமாக்கிக் கொண்டீர்கள். குண்டில்லாத இந்த ஆண்டுகளே பேசுதற்கு உகந்தவை. அமைதி இருக்கிறது, ஆகவே அவசரமில்லை என்று நீங்கள் எண்ணுவீர்களாயின், அமைதியாய்க் கேட்பவனுக்கு ஒன்றும் கிடையாது என்ற 1957 இன் பாடத்தையே எங்கள் இளைஞருக்கு மீண்டும் கற்பிக்கிறீர்கள். அப்பாடத்தின் விலையை இத்தீவு ஒருமுறை செலுத்தியாயிற்று.

சண்டிலிப்பாயில் இன்று துலாக்கள் அருகிவிட்டன, கிணறுகள் இருக்கின்றன. நீரும் இருக்கின்றது. அறுந்த கயிற்றின் இரு தலைப்பையும் பிடித்தவர்கள் முடிச்சுப்போட முன்வருவார்களா என்பதே வினா. வராவிடின், முன்வரச் செய்யும் வலிமை வாக்கிலும் பேனாவிலும் மக்களிடம் உண்டு. அதனை இனியாவது பயன்படுத்துவோமாக!